மாமா கேட்கிற கேள்விக்கு மகளிடம் என்ன சொல்வது?

கேள்வி: ஃபாதர், எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. வருகிற மே மாதம் பங்கில் புது நன்மை எடுக்கிறாள், அதாவது பூசையில் இயேசுவின் உடலாக நாம் நம்பும் அப்பத்தை முதல் முறையாக வாங்குகிறாள். என் தம்பி, அதாவது அவளுடைய தாய்மாமன், சில வருடமாக வேறொரு சபைக்குப் போகிறான். "வெறும் அப்பத்தைக் கடவுள் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறாயே, அது பைபிளில் எங்கே இருக்கிறது?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறான். 'நானே வாயில்' என்றதால் இயேசு கதவாகிவிட்டாரா? 'என் நினைவாகச் செய்யுங்கள்' என்றால் நினைவுதானே? 'ஊனியல்பு ஒன்றுக்கும் உதவாது' என்று அவரே சொல்லவில்லையா? இரத்தம் குடிப்பதைக் கடவுளே தடுக்கவில்லையா? ஒரே முறை பலியானவரைத் தினமும் ஏன் பலியிடுகிறீர்கள்? இப்படி அடுக்குகிறான். எனக்குப் பதில் வரவில்லை. விருந்துக்கு வருவேன், பூசைக்கு வரமாட்டேன் என்கிறான். மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்ன செய்வது?
– ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் தம்பி கேட்பவை பழைய கேள்விகள், நல்ல கேள்விகளும்கூட. அவர் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறார். நாமும் அதையே திறப்போம். நான் சொல்லப்போகிற பகுதிகள் எல்லாம் அவருடைய பைபிளிலும் இருக்கின்றன. புத்தகப் பெயர்தான் சில இடங்களில் மாறும்: நமக்கு விடுதலைப் பயணம், அவருக்கு யாத்திராகமம்.

முதலில் யோவான் 6ஆம் அதிகாரம். 71 வசனங்கள், இன்றிரவே ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். எகிப்திலிருந்து விடுதலையானதை யூதர் கொண்டாடும் பாஸ்கா விழா நெருங்கியிருந்தது என்று 4ஆம் வசனத்திலேயே யோவான் சொல்லிவிடுகிறார். அதை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும். ஐந்து அப்பங்கள், இரண்டு மீன்கள். ஐயாயிரம் ஆண்கள் வயிறாரச் சாப்பிட்டு, மிச்சம் பன்னிரண்டு கூடை. மறுநாள் அந்த மக்கள் கப்பர்நாகுமுக்கே தேடி வந்துவிடுகிறார்கள். 'எங்கள் முன்னோருக்குப் பாலைநிலத்தில் மன்னா என்ற வான உணவு கிடைத்தது, நீர் என்ன செய்வீர்?' என்று கேட்கிறார்கள். இயேசு முதலில் நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறார். வாழ்வு தரும் உணவு நானே, என்னிடம் வருபவருக்குப் பசி இராது என்கிறார். இந்தப் பகுதி உருவகம்தான் என்று உங்கள் தம்பி சொன்னால் அது சரிதான். அவரை நம்பி அவரிடம் வருவதுதான் இங்கே பேச்சு. ஆனால் 51ஆம் வசனத்தில் பேச்சு திரும்புகிறது. தாம் கொடுக்கப்போகிற உணவு, உலகு வாழ்வதற்காகத் தாம் கையளிக்கிற தம்முடைய சதை என்கிறார். உடனே வாக்குவாதம் கிளம்புகிறது. 'நாம் உண்பதற்கு இவர் தமது சதையை எப்படிக் கொடுக்க முடியும்?' உங்கள் தம்பியின் கேள்வியும் இதேதான்.

கேட்பவர்கள் தவறாகப் புரிந்துகொண்டால் இயேசு வழக்கமாக என்ன செய்வார் என்று பாருங்கள். பரிசேயரின் புளிப்பு மாவைக் குறித்துக் கவனமாயிருங்கள் என்றபோது, அப்பம் கொண்டுவர மறந்ததைத்தான் சொல்கிறார் என்று சீடர்கள் நினைத்தார்கள். 'நான் அப்பத்தைப் பற்றிப் பேசவில்லை' என்று திருத்தினார் (மத்தேயு 16). இலாசர் தூங்குகிறான் என்றார். அவர்கள் சாதாரணத் தூக்கம் என்று எண்ணிக்கொண்டார்கள். 'இலாசர் இறந்துவிட்டான்' என்று வெளிப்படையாகவே சொன்னார் (யோவான் 11). 'நானே வாயில்' என்றபோது யாரும் அவரை மரக்கதவு என்று நினைக்கவில்லை. 'நானே திராட்சைக் கொடி' என்றபோது யாரும் எழுந்து போகவில்லை.

இங்கேயோ எழுந்து போகிறார்கள். அவரும் திருத்தவில்லை; சொன்னதையே இன்னும் அழுத்திச் சொல்கிறார். மானிட மகனின் சதையை உண்டு அவருடைய இரத்தத்தைக் குடித்தாலொழிய உங்களுக்குள் வாழ்வு இராது. என் சதை உண்மையான உணவு, என் இரத்தம் உண்மையான பானம் (53–55). கேட்டவர்களில் பலர், 'இந்தப் பேச்சு கடினமானது, யாரால் கேட்க முடியும்?' என்று முணுமுணுத்துவிட்டு அவரை விட்டுப் போய்விட்டார்கள். போனவர்கள் பகைவர்கள் அல்ல, அதுவரை அவர் பின்னால் நடந்த சீடர்கள். 'நில்லுங்கள், உருவகமாகத்தான் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திரும்பியிருப்பார்கள். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. பன்னிருவரைப் பார்த்து, 'நீங்களும் போய்விட நினைக்கிறீர்களா?' என்று கேட்கிறார். பேதுருவும் எல்லாம் புரிந்தது என்று சொல்லவில்லை. 'ஆண்டவரே, நாங்கள் யாரிடம் போவோம்?' என்றுதான் சொன்னார். யூதாசு காட்டிக்கொடுப்பான் என்பதை யோவான் முதன்முதலில் எழுதுவதும் இந்த அதிகாரத்தின் கடைசியில்தான். அது தற்செயலாக வந்து விழுந்த இடமாக எனக்குத் தோன்றவில்லை.

உருவகம் என்று வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. ஒருவருடைய சதையைத் தின்பது என்ற உருவகம் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. திருப்பாடல் 27:2, மீக்கா 3:3 இரண்டையும் பாருங்கள். அங்கே அதற்குப் பொருள் ஒருவரைக் கொடுமைப்படுத்தி அழிப்பது. அந்தப் பொருளை இங்கே வைத்தால், 'என்னை அழிக்கிறவருக்கு நிலைவாழ்வு உண்டு' என்று இயேசு சொன்னதாக ஆகிவிடும்.

அப்புறம் அந்த 63ஆம் வசனம். தூய ஆவியே வாழ்வு தருகிறார், ஊனியல்பு ஒன்றுக்கும் உதவாது என்கிறார். 'என்னுடைய சதை உதவாது' என்று அவர் சொல்லவில்லை. உலகு வாழ்வதற்காகக் கொடுப்பேன் என்று சற்றுமுன் சொன்ன சதையை அதே பேச்சில் உதவாதது என்பாரா? அப்படியானால் அவர் நம்மைப்போல் உடலெடுத்து வந்ததற்கும், அந்த உடல் சிலுவையில் அறையப்பட்டதற்கும் பயனில்லாமல் போய்விடும். கடவுளின் உதவியில்லாமல் கண்ணால் கண்டதை மட்டும் வைத்து அளக்கிற மனிதப் புத்தியைத்தான் அவர் உதவாது என்கிறார். கூட்டம் இறைச்சிக்கடையை நினைத்துக்கொண்டு பேசியது. அவரோ தூய ஆவி செய்யப்போவதைப் பற்றிப் பேசினார். பூசையில் சாமியார் அப்பத்தின் மேலும் திராட்சை இரசத்தின் மேலும் இரண்டு கைகளையும் விரித்து ஜெபிப்பதையும், அந்நேரம் பீடச் சிறுவன் மணி அடிப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது தூய ஆவியை அனுப்பும்படி தந்தையிடம் கேட்கிற ஜெபம்.

இரத்தத்தைப் பற்றி உங்கள் தம்பி சொல்வது லேவியர் 17ஆம் அதிகாரம். தடை உண்மைதான். தடைக்குக் காரணமும் அங்கேயே, 11ஆம் வசனத்தில் இருக்கிறது: உயிர் இரத்தத்தில் இருக்கிறது, உயிரோ கடவுளுக்கு உரியது. ஆட்டின் உயிரையும் மாட்டின் உயிரையும் இரத்தமாகக் குடித்துத் தனதாக்கிக்கொள்ள மனிதனுக்கு உரிமை இல்லை. இங்கே கடவுளே தம் உயிரை நமக்குக் கொடுக்கிறார். எந்தக் காரணத்துக்காக அது தடுக்கப்பட்டதோ, அதே காரணத்துக்காக இது கொடுக்கப்படுகிறது.

இப்போது பாஸ்காவுக்கு வருவோம். விடுதலைப் பயணம் 12. ஆட்டை அடித்து இரத்தத்தை நிலைக்கால்களில் பூசுவதோடு அந்த இரவு முடியவில்லை. நெருப்பில் சுட்ட இறைச்சியைப் புளிப்பற்ற அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் வீட்டார் எல்லாரும் சாப்பிட வேண்டும்; கட்டளை அப்படி. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, நம் பாஸ்கா ஆடாகிய கிறிஸ்து பலியிடப்பட்டார், ஆகவே விழா கொண்டாடுவோம் என்கிறார் (1 கொரிந்தியர் 5:7–8). ஆடு பலியானால் அடுத்து விருந்து என்பது யூதராகப் பிறந்த எவருக்கும் தெரிந்த வரிசை. அதேபோல சீனாய் மலையடிவாரத்தில் மோசே மக்கள்மேல் இரத்தத்தைத் தெளித்து, 'இதோ உடன்படிக்கையின் இரத்தம்' என்றார் (விடுதலைப் பயணம் 24:8). அது நிஜமான இரத்தம். அந்தச் சொற்களைத்தான் கடைசி இரா உணவின்போது இயேசு கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சொல்கிறார். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அது எங்கிருந்து வந்த வாக்கியம் என்று யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

'நினைவாகச் செய்யுங்கள்' என்பதும் பாஸ்கா மேசையில் சொல்லப்பட்டது. நாம் போட்டோவுக்கு மாலை போட்டு நினைப்பதைப் போன்ற நினைவு அல்ல அது. விடுதலைப் பயணம் 13:8 என்ன சொல்கிறது? எகிப்தைவிட்டு 'நான்' வெளியேறியபோது ஆண்டவர் 'எனக்கு'ச் செய்ததை முன்னிட்டு இது நடக்கிறது என்று தகப்பன் மகனுக்குச் சொல்ல வேண்டும். எத்தனை நூற்றாண்டு கழித்துப் பிறந்த யூதனும் அன்றிரவு 'எனக்கு' என்றுதான் சொல்வான். நடந்து முடிந்த மீட்புச் செயல் அந்த மேசையில் இருப்பவர்களைத் தொடுகிறது. திருப்பலியை, அதாவது பூசையை, நாம் நினைவு என்று சொல்வது இந்தப் பொருளில்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாகப் படுவது பவுலின் சாட்சி. கொரிந்தியருக்கு முதல் கடிதம் கி.பி. 55 வாக்கில் எழுதப்பட்டது. கடைசி இரா உணவைப் பற்றி எழுத்தில் நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய குறிப்பு அதில்தான் இருக்கிறது என்பது அறிஞர்களிடையே பொதுவான கருத்து. அப்படியானால் இயேசு இறந்து ஒரு தலைமுறைகூட முடியவில்லை. கொரிந்தில் என்ன நடந்தது? வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். சிலர் குடிவெறியில் இருந்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பவுல் கொதித்துப்போகிறார். நாம் ஆசி கூறும் கிண்ணம் கிறிஸ்துவின் இரத்தத்தில் பங்குகொள்வது அல்லவா, நாம் பிட்கும் அப்பம் அவருடைய உடலில் பங்குகொள்வது அல்லவா என்று 10:16இல் முன்பே கேட்டிருந்தார். 11:27இல் அதற்கும் மேலே போகிறார்: தகுதியற்ற நிலையில் இந்த அப்பத்தை உண்கிறவர், அல்லது கிண்ணத்தில் பருகுகிறவர், ஆண்டவரின் உடலுக்கும் இரத்தத்துக்கும் எதிராகக் குற்றம் செய்கிறார். ஒருவருடைய போட்டோவைக் கிழித்துப்போட்டால் அது அவமரியாதை. அவருடைய உடலுக்கும் இரத்தத்துக்கும் எதிரான குற்றம் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது. பவுல் அப்படிச் சொல்கிறார். உடலை உணராமல் உண்பவர் தம்மீதே தீர்ப்பை வரவழைத்துக்கொள்கிறார் என்றும், உங்களில் பலர் நோயாளிகளாக இருப்பதும் சிலர் இறந்துபோனதும் இதனால்தான் என்றும் அடுத்த வசனங்களில் எழுதுகிறார். வெறும் அடையாளத்தைப் பற்றி ஒருவருக்கு இவ்வளவு அச்சம் வராது.

அதே பகுதி நம்மையும் சுடுகிறது. பக்கத்தில் பசித்து நிற்பவரைப் பார்க்காமல் அப்பத்தில் மட்டும் ஆண்டவரைப் பார்க்கிறேன் என்று சொன்னால் பவுல் ஒத்துக்கொள்ளமாட்டார். உங்கள் தம்பி நம் கோவில்களைப் பார்த்து இந்தக் குறையைச் சொன்னால், வாதாடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் பலியிடுகிறீர்களே என்ற கேள்விக்கு வருகிறேன். எபிரேயர் 7:27, 9:28, 10:10 மூன்றும் ஒன்றைத்தான் சொல்கின்றன: கிறிஸ்து ஒரே முறை தம்மைப் பலியாகக் கொடுத்தார். இதில் உங்கள் தம்பி சொல்வது முழுக்கச் சரி. எந்தப் பூசையிலும் இயேசு மறுபடி சாவதில்லை, மறுபடி துன்பப்படுவதில்லை. 1562இல் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் இதைத் தெளிவாகவே சொன்னது: பலியாகிறவர் அவரே, பலி கொடுக்கிறவரும் அவரே, சிலுவையில் இரத்தம் சிந்திக் கொடுத்தார், பீடத்தில் இரத்தம் சிந்தாத முறையில் கொடுக்கிறார். இயேசு சிலுவையில் இறந்த கல்வாரியோடு இன்னொன்று கூடுவதில்லை; கல்வாரிக்கு நாம் கொண்டுபோகப்படுகிறோம். எபிரேயர் நூலே இயேசுவை இப்போதும் விண்ணகத் திருவிடத்தில் பணிபுரிகிற தலைமைக் குரு என்கிறது (8:1–3). திருவெளிப்பாடு 5:6இல் யோவான் காண்பது கொல்லப்பட்டதுபோல் காணப்பட்ட, ஆனால் நின்றுகொண்டிருக்கிற ஆட்டுக்குட்டியை. அந்தப் பலி தந்தையின் முன்னால் என்றும் இருக்கிறது.

'இதெல்லாம் பிற்காலத்தில் போப்புகள் சேர்த்தது' என்றும் உங்கள் தம்பி சொல்லக்கூடும். அந்தியோக்கு நகர் ஆயர் புனித இஞ்ஞாசியாரைக் காட்டுவிலங்குகளுக்கு இரையாக்க ரோமுக்கு இழுத்துப்போனார்கள். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம். போகிற வழியில் சிமிர்னா நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில், நற்கருணை, அதாவது பூசையில் நாம் வாங்கும் அப்பம், நம் மீட்பராகிய இயேசு கிறிஸ்துவின் சதை என்று ஏற்காததால் சிலர் அதிலிருந்து விலகி நிற்கிறார்கள் என்று வருந்துகிறார். அதே நூற்றாண்டின் நடுவில், கிறிஸ்தவர்கள் மனித மாமிசம் தின்கிறார்கள் என்ற பழி ஊரெல்லாம் உலவிய காலத்தில், புனித ஜஸ்டின் ரோமைப் பேரரசருக்கே விளக்கம் எழுதினார். 'அது வெறும் அடையாளம்தான், ஐயா' என்று ஒரு வரி எழுதித் தப்பித்திருக்கலாம். அவர் எழுதியது வேறு: இதைச் சாதாரண அப்பமாகவும் சாதாரண பானமாகவும் நாங்கள் பெற்றுக்கொள்வதில்லை, மனிதராகப் பிறந்த அந்த இயேசுவின் சதையும் இரத்தமும் என்றே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. வரமுடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் அதை எடுத்துச் செல்வார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். நம் கோவிலில் நற்கருணைப் பேழை இருப்பதன் ஆரம்பம் இதுதான்: நோயாளிகளுக்குக் கொடுக்க எடுத்துவைப்பது. இயேசு அங்கே இருக்கிறார் என்றால், அந்த இடத்தில் முழங்காலிடாமல் எப்படிப் போவது?

நம் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரே நம் திருப்பலியைக் கடுமையாக எதிர்த்தவர். ஆனாலும் 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் இன்னொரு சீர்திருத்தவாதியான சுவிங்கிலி 'இது என் உடலைக் குறிக்கிறது' என்று வாதாடியபோது, லூத்தர் மேசைமேல் 'இது என் உடல்' என்ற வசனத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டு கடைசிவரை இறங்கிவரவில்லை.

நாம் எதை நம்பவில்லை என்பதையும் மகளுக்குச் சொல்லிவைப்பது நல்லது. அப்பத்தை ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் கோதுமை என்றுதான் முடிவு வரும். திருச்சபை அதை மறுக்கவில்லை. நிறம், சுவை, எடை எல்லாம் அப்படியே இருக்கின்றன. அது உள்ளபடி என்னவாக இருக்கிறதோ அது மாறிவிடுகிறது. இந்த உட்பொருள் மாற்றத்துக்கு 1215இல் நான்காம் லாத்தரன் சங்கமும் 1551இல் திரிதெந்தும் பயன்படுத்திய சொல் பைபிளில் இல்லை. சொல்தான் பிந்தியது, அது விளக்குகிற நம்பிக்கை முன்னாலேயே இருந்தது. நாம் உண்பது இறந்த உடலின் துண்டு அல்ல. உயிர்த்து வாழ்கிற கிறிஸ்து முழுவதுமாக ஒவ்வொரு அப்பத்திலும், பிட்ட ஒவ்வொரு பகுதியிலும் இருக்கிறார். ஆகவே அப்பத்தை மட்டும் வாங்குகிறவருக்கும் குறைவு ஒன்றுமில்லை.

இனி உங்கள் மகள். இவ்வளவும் அவளுக்குத் தெரிய வேண்டுமா என்றால், வேண்டாம். 1910இல் புனித பத்தாம் பத்திநாதர் சிறுபிள்ளைகளுக்கு நன்மை கொடுப்பதைத் தள்ளிப்போடக்கூடாது என்று ஆணையிட்டபோது, விசுவாசத்தின் அடிப்படைகளைத் தன் வயதுக்கு ஏற்ப அறிந்து, சாதாரண அப்பத்துக்கும் இந்த அப்பத்துக்கும் வேறுபாடு தெரிந்தால் போதும் என்றார். அந்த வேறுபாட்டை வார்த்தையைவிடக் கை நன்றாகக் கற்றுக்கொடுக்கும். நான்காம் நூற்றாண்டில் எருசலேமில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்குக் கொடுத்த ஒரு மறையுரை புனித சிரிலின் பெயரில் இருக்கிறது. அரசரை வரவேற்கப்போகிற வலது கைக்கு இடது கையை அரியணையாக வை, உள்ளங்கையைக் குழித்து வாங்கு, ஆமென் சொல், ஒரு துணுக்குக்கூடக் கீழே விழவிடாதே என்கிறது. வீட்டில் அவளோடு உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள். 'கிறிஸ்துவின் உடல்' என்று சாமியார் சொல்லும்போது அவள் சொல்கிற ஆமென் அவளுடைய சொந்த வார்த்தை, அதை வாய்க்குள் முணங்காமல் கேட்கும்படி சொல்லச் சொல்லுங்கள்.

தம்பியை விருந்துக்கு மட்டுமல்ல, பூசைக்கும் அழையுங்கள். தாய்மாமனுக்கு உங்கள் பக்கத்தில் என்ன மரியாதை உண்டோ அதில் எதையும் குறைக்காதீர்கள். வந்தால் குடும்பத்தோடு உட்காரட்டும். நன்மை வாங்கும் வரிசைக்கு மட்டும் அவரை இழுக்க வேண்டாம். நம்பாத ஒன்றுக்கு ஆமென் சொல்ல வைப்பது அவருக்கும் நல்லதல்ல, நற்கருணைக்கும் மரியாதை அல்ல. என்றாவது மனம் மாறித் திரும்பி வந்தால் முதலில் பங்குத்தந்தையைப் பார்க்கட்டும், பாவசங்கீர்த்தனத்தில் தொடங்கலாம். வரமாட்டேன் என்றே நின்றால் சாப்பாட்டுக்காவது வரட்டும், அந்தப் பந்தியில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

அதற்கு முன்னால் ஒரு நாள், மகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, 1 கொரிந்தியர் 11:27ஐ அவருடைய பைபிளிலேயே அவரை வாசிக்கச் சொல்லுங்கள். அப்பம் அடையாளம் மட்டும்தான் என்றால் பவுல் ஏன் இப்படி எழுதினார் என்று கேளுங்கள். நீங்கள் அதற்குமேல் பேச வேண்டாம். அவர் சொல்கிற பதிலை எனக்கு எழுதுங்கள். அவரே எழுதினால் இன்னும் மகிழ்ச்சி, அவருக்கும் நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.